கூடுதல் பாகத்தைப் பற்றி அக்கா எழுதியது

போன ஆவணியில் மயிலம் கோயிலில் என் மகளுக்குக் காது குத்தினோம். கனடாவிலிருந்து அண்ணன் வந்திருந்தான். முகையூரிலிருந்து அக்கா தன் வீட்டாரோடு வந்திருந்தாள். பந்தியில் அண்ணனும் அக்காவின் மகனும் அடுத்தடுத்த இலைகளில் உட்கார்ந்தார்கள். பையன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கம்ப்யூட்டர் ஆட்டங்களில் பித்து. இருபது வருஷத்துக்கு முன்பு வந்த ஒரு துப்பாக்கி ஆட்டத்தைப் புதிதாகத் துலக்கி மறுபடியும் விற்கிறார்களாம். அதன் கூடுதல் பாகத்தைப் பற்றி இணையத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்களாம். வாங்கலாமா, வேண்டாமா என்று மாமனைக் கேட்டான்.

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"கண்ண மூடிக்கினு வாங்குடா. முதல் பாகத்தவிட அதுதான் கிளாசிக்கு. அப்ப எவனுக்கும் புரியல. குண்ட எண்ணக் கூடாது, காலடிச் சத்தத்தக் கேக்கணும். அவ்ளோதான் சூட்சுமம்."

அக்கா அப்போது அந்த வரிசையில்தான் வடை போட்டுக்கொண்டு வந்தாள். அண்ணனின் இலைக்கு முன்னால் ஒரு கணம் நின்றாள். "இன்னொண்ணு வெக்கட்டா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

நான் பாயச வாளியோடு அவள் பின்னால் வந்துகொண்டிருந்தேன். அண்ணன் சொன்னது அண்ணனுடைய வாக்கியமல்ல. அது யாருடையது என்று அந்தப் பந்தியில் மூன்று பேருக்குத் தெரியும். பையன், "சூப்பர் மாமா" என்றான்.

அந்த ஆட்டம் முதலில் வந்தபோது எனக்குப் பதினோரு வயது. திண்டிவனத்தில் ரயில் பாதைக்கு அந்தண்டைப் பக்கம் எங்கள் வீடு. அப்பா உரக்கடை வைத்திருந்தார். அண்ணன் சென்னையில் விடுதியில் தங்கி இன்ஜினீயரிங் படித்தான். அக்கா விழுப்புரத்தில் கல்லூரியில் கணிதம் முதலாண்டு. காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்புவாள். நான் ஆறாம் வகுப்பு.

அண்ணனுடைய படிப்புக்கென்று அப்பா ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். முதலிரண்டு வருஷம் விடுதிக்குள் கம்ப்யூட்டர் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டதால் அது எங்கள் வீட்டுக் கூடத்திலேயே தங்கிவிட்டது. அம்மா தன் பழைய வாயில் புடவையைக் கிழித்து அதற்கு உறை தைத்தாள். அண்ணன் சனிக்கிழமை வந்து உறையை எடுப்பான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உறையைப் போட்டுவிட்டுப் போவான். நடுவில் யாரும் தொடக் கூடாது. இது அப்பா முன்னிலையில் போடப்பட்ட சட்டம். அப்பாவும் அதற்குக் கட்டுப்பட்டவர்தான். தினமும் அதற்கு ஊதுபத்தி காட்டுவதோடு சரி.

படிப்புக்கு வாங்கிய பெட்டியில் அண்ணன் முதலில் ஏற்றியது அந்த ஆட்டத்தைத்தான். ஒருவர் மட்டுமே ஆடுவது. திரையின் நடுவில் ஒரு துப்பாக்கி தெரியும். அதைப் பிடித்திருக்கும் கை நம்முடையது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பனிமலைக்கு அடியில் கைவிடப்பட்ட ஒரு தொழிற்சாலை. கீழே மாட்டிக்கொண்ட சிப்பாய் ஒவ்வொரு தளமாகச் சுட்டுக்கொண்டே மேலே ஏறி வெளிச்சத்துக்கு வந்துவிட்டால் ஜெயித்ததாக அர்த்தம். அண்ணன் நான்கு வாரக் கடைசிகளில் ஜெயித்துவிட்டான். அப்போது அவன் போட்ட கூச்சலைக் கேட்டு எதிர்வீட்டு ஆயா, பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்டதா என்று விசாரித்துக்கொண்டு வந்தார்.

பிறகு அதற்குக் கூடுதல் பாகம் என்று தனியாக ஒரு சிடி வந்தது. அதே மலை, அதே தொழிற்சாலை. ஆனால் இதில் நாம் சிப்பாய் அல்ல, காயத்துக்குக் கட்டுப்போடும் ஆள். மேலே ஏறுவதற்குப் பதிலாகக் கீழே கீழே இறங்க வேண்டும். கையில் ஆறே குண்டுகள். மூன்றாம் கட்டத்தில் தண்ணீர் நிறைந்த சுரங்கங்கள் வரும். அங்கே இருட்டில் வெளுத்த உடம்போடு சில மிருகங்கள் அலையும். அண்ணன் அந்தச் சுரங்கத்தில் எத்தனை முறை செத்தான் என்று கணக்கில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மவுஸைத் தூக்கி மேசைமேல் போட்டான்.

"வேஸ்ட்டு. ஆறு குண்டக் குடுத்துட்டு அறுபது மிருகத்தச் சுடுன்னா எவன் ஆடுவான்? காசு புடுங்கறதுக்குன்னே பண்ணியிருக்கானுங்க. எங்க ஹாஸ்டல்ல ஒருத்தன்கூடத் தாண்டல."

எங்கள் வீட்டில் அதுதான் அந்தக் கூடுதல் பாகத்தைப் பற்றி வந்த முதல் கருத்து. மறுத்துச் சொல்ல யாருமில்லை. அக்கா அவனுக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். திரையில் அந்த மிருகம் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் அம்மா பால் சொசைட்டிக்குப் போன நேரத்தில் அக்கா உறையை எடுத்தாள். "அண்ணன் கொன்னுடும்" என்றேன். "நீ சொன்னாத்தானே தெரியும்" என்றாள். வாசலில் நின்று தெருவைப் பார்ப்பது என் வேலை என்று முடிவாயிற்று. இரண்டாம் நாளே நான் வாசலை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டேன். அண்ணனுடைய ஹெட்போனில் ஒரு காதை அவளும் மறு காதை நானும் வைத்துக்கொண்டோம்.

அக்கா சுடவே இல்லை. எனக்கு அதுதான் முதலில் பெரிய ஏமாற்றம். சுரங்கத்தின் வாயிலிலேயே நின்று அந்த மிருகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் முழுக்கப் பார்த்தாள் என்றே சொல்லலாம். பிறகு திரையில் விரலை வைத்துக் காட்டினாள்.

"இங்க பாரு பாப்பா. இதுங்களுக்குக் கண்ணே இல்ல."

உண்மைதான். முகத்தில் கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல்.

"காதுதான் இருக்குது. சுட்டா சத்தம் கேட்டு எல்லாம் ஓடியாருது. அண்ணன் சுட்டுச் சுட்டு அதுங்களக் கூப்புட்டுக்கினு இருந்திருக்கான்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "குண்ட எண்ணக் கூடாது. காலடிச் சத்தத்தக் கேக்கணும்."

அப்படித்தான் ஆடினாள். ஓடும் பொத்தானை விட்டு நடக்கும் பொத்தான். பாட்டுச் சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டாள். தண்ணீரில் எந்தப் பக்கம் சலசலப்பு, எவ்வளவு தூரத்தில், நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று ஹெட்போனைக் காதோடு அழுத்திக் கேட்பாள். நான் மூச்சு விட்டால்கூட "உஷ்" என்பாள். வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் ஊரில் மல்லாட்டை, ஒரு கிண்ணத்தில் இருக்கும். மெல்லுகிற சத்தம் கேட்கும் என்பதால் மிருகங்கள் போன பிறகுதான் வாயில் போட்டுக்கொள்வோம். ஒரு சனிக்கிழமை கீபோர்டின் இடுக்கில் மல்லாட்டைத் தோல் கிடந்ததைப் பார்த்துவிட்டு அண்ணன் என் தலையில் குட்டினான். நான் வாங்கிக்கொண்டேன். அக்காவைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தக் குட்டுக்காக என்னைப் பற்றிப் பல நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கார்த்திகை முடிவதற்குள் அக்கா கடைசிவரை போய்விட்டாள். அந்தக் கடைசியும் விசித்திரமானது. அடித்தளத்தில் ஒரு அறை. கட்டுப்போடும் ஆள் யாரைக் காப்பாற்ற வந்தானோ அவர்களில் யாரும் உயிரோடில்லை. அந்த ஆள் அவர்களுக்குப் பக்கத்தில் உட்காருகிறான். அவனுடைய மூச்சு மட்டும் கேட்கிறது. திரை கறுத்துவிடுகிறது. ஜெயித்தாயிற்று என்று எழுத்துகூட வரவில்லை. "அவ்ளோதானா?" என்றேன். அக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். பிறகு, "ஜெயிக்க வரலியே அவன். யாராச்சும் மிச்சம் இருக்காங்களான்னு பாக்க வந்தான். பாத்துட்டான்" என்றாள்.

விழுப்புரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அப்போது ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. பிளைவுட் தடுப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு திரைச்சீலை. புதன்கிழமைகளில் கல்லூரி சீக்கிரம் விட்டுவிடும். அக்கா பஸ்ஸுக்கு முன்னால் ஒரு மணி நேரம் அங்கே போக ஆரம்பித்தாள். உலகத்திலிருக்கிற ஆட்டக்காரர்களெல்லாம் கூடிச் சண்டை போடும் ஒரு பக்கத்தை எப்படியோ கண்டுபிடித்திருந்தாள். அங்கேயும் எல்லாரும் அண்ணன் சொன்னதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று வந்து சொன்னாள். குண்டு போதாது. இருட்டு. ஐந்து மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. முடிவு மட்டம்.

அக்கா அங்கே தன் கருத்தை எழுதினாள். பெயர் கேட்டதற்கு டி.எம்.வி. என்று போட்டாளாம். ரயில் டிக்கெட்டில் திண்டிவனத்துக்குப் போடும் மூன்று எழுத்து. "எந்த ஊரு, ஆம்பளயா பொம்பளயா, ஒண்ணும் தெரியாது பாரு" என்று சொன்னபோது அவள் முகத்தில் இருந்த குஷியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

போலந்து நாட்டிலிருந்து ஒருவர் அக்காவோடு வாதம் செய்தார். படத்துக்குப் பதிலாக ஒரு பூனையை வைத்திருந்த ஒருவர். இந்தப் பாகம் சோம்பேறித்தனமாகச் செய்தது என்பது அவர் கட்சி. அக்கா விடவில்லை. சுரங்கத்தில் எந்த மதகுக்கு அருகில் நிற்க வேண்டும், எந்தச் சத்தத்துக்கு நகர வேண்டும் என்று வரிசையாக எழுதினாள். நான்கு புதன்கிழமைகள் இது நடந்தது. ஐந்தாவது புதன்கிழமை கையில் ஒரு தாளோடு வந்தாள். பதிலை அச்செடுத்து, கல்லூரி ரெக்கார்டு நோட்டுக்குள் மடித்து வைத்திருந்தாள். அவள் எழுதியதும் அதற்கு வந்த பதிலும் அந்தத் தாளில் இருந்தன. மாடிப்படியில் உட்கார்ந்து எனக்குத் தமிழில் சொன்னாள்.

"ஒரு வாரமா உங்க பதிலுக்காகக் காத்துக்கினு இருந்தேன்னு எழுதியிருக்காங்க. நீங்க சொன்ன மாதிரியே மறுபடியும் முதல்லேந்து ஆடினாங்களாம். நீங்க சொன்னதுக்கு அப்புறம் எல்லாமே வேற மாதிரித் தெரியுது. நீங்க சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு. இப்படி எழுதியிருக்காங்க பாப்பா."

கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை படித்தாள். எங்கள் வீட்டில் அக்காவிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. போலந்து எங்கே இருக்கிறது என்றுதான் கேட்டேன்.

பொங்கலுக்கு அண்ணன் வந்தான். கூடவே விடுதி நண்பர்கள் இரண்டு பேர். மாட்டுப் பொங்கல் அன்று காலையில் மூவரும் கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். அக்காவும் அம்மாவும் சமையலறையில் இருந்தார்கள். நான் கரும்பைக் கடித்துக்கொண்டு கூடத்திலேயே நின்றேன். அண்ணன் அந்தச் சுரங்கத்தை நண்பர்களுக்குக் காட்டினான். அவர்களும் வரிசையாகச் செத்தார்கள். மறுபடியும் அந்தப் பேச்சு ஆரம்பித்தது. குப்பை. தாண்டவே முடியாது. தாண்டுகிறவன் பிறக்கவேயில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். "சுடாம போவணும்" என்றேன்.

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் சிரித்தான். "ஆமாண்டி, கோலம் போட்டுக்கினே போலாம்" என்றான். நண்பர்களும் சிரித்தார்கள். "பொம்பளப் பசங்களுக்கு இன்னாத் தெரியும்? போ, உள்ளப் போய் வேலயப் பாரு."

அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா முடிச்சிட்டா. கடைசிவரைக்கும் முடிச்சிட்டா. சுடாமலே."

"சும்மா பேஜாரு பண்ணாத."

"வெளிநாட்டுல ஒருத்தரு அக்கா சொன்னதுதான் சரின்னு எழுதியிருக்காரு. நீ சொல்றதெல்லாம் தப்பு."

சொன்னதோடு விடவில்லை. அறைக்குள் ஓடி ரெக்கார்டு நோட்டிலிருந்து அந்தத் தாளை எடுத்துவந்து அண்ணன் கையில் கொடுத்தேன். வழக்கு ஜெயித்த வக்கீல் மாதிரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் படித்தான். முழுவதும் படித்தான். அவன் கண் வரிவரியாக இறங்குவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். நண்பர்களில் ஒருவன் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு, "டேய், உன் தங்கச்சி பெரிய ஆளுடா. நீ வேஸ்ட்டுடா" என்றான். கேலியாகத்தான் சொன்னான். அண்ணனின் காது சிவந்துபோனது. தாளை மடித்துக்கொண்டு கொல்லைப்புறம் போனான். அங்கே அப்பா மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்.

நான் பின்னாலேயே போனேன். அப்பாவும் என் கட்சிக்கு வந்துவிடுவார் என்று நம்பினேன்.

"அப்பா, இது இன்னான்னு கேளுங்க. விழுப்புரத்துல பிரவுசிங் சென்டருக்குப் போய்க்கினு இருக்கா. எவனோ வெளிநாட்டுக்காரன் இவளுக்கு எழுதறான்."

அப்பாவுக்கு ஆங்கிலம் உரமூட்டையின்மேல் எழுதியிருக்கிற அளவுக்குத்தான் தெரியும். தூரிகையைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, "இன்னா எழுதியிருக்கான்? படி" என்றார்.

அண்ணன் தாளைப் பிரித்தான்.

"ஒரு வாரமா உன் பதிலுக்காகக் காத்துக்கினு இருந்தேன். நீ சொன்னதுக்கு அப்புறம் எனக்கு எல்லாமே வேற மாதிரித் தெரியுது."

அதோடு மடித்துவிட்டான். நடுவில் இருந்த சுரங்கத்தையும் மதகையும் மிருகங்களையும் அவன் படிக்கவில்லை. பொய்யாக ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்தில் எழுதியவர் ஆணா, பெண்ணா என்று அந்தத் தாளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நீ என்றும் நீங்கள் என்றும் அதில் வித்தியாசம் கிடையாது. அக்கா அதைத் தமிழில் சொன்னபோது அவங்க என்றாள், நீங்க என்றாள். நான் ஒருத்தரு என்றேன். அண்ணன் எவனோ என்றான், நீ என்றான். அவ்வளவுதான் நடந்தது.

அப்பா என்னைக் கூப்பிட்டார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"பாப்பா, இங்க வா. அக்கா அந்தக் கடைக்குப் போவுதா?"

"போவுதுப்பா. ஒவ்வொரு புதன்கிழமையும். அவருக்கு எழுதறதுக்குத்தான் போவுது."

"அந்தாளு அக்காவப் பத்தி இன்னா எழுதறான்?"

"ரொம்ப நல்லா எழுதறாருப்பா" என்றேன். அக்காவுக்காக நான் அன்று சொன்ன கடைசிச் சாட்சி அது.

அக்காவைக் கூப்பிட்டார்கள். மாவுக் கையோடு வந்தாள். அண்ணன் கையிலிருந்த தாளையும் என்னையும் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது.

"அது ஆட்டத்தப் பத்திப்பா."

"எந்த ஆட்டம்?" என்றார் அப்பா.

கொல்லையில் நின்றுகொண்டு, மாட்டுக்கும் வர்ணக் கிண்ணத்துக்கும் நடுவில், பனிமலைக்கு அடியிலிருக்கும் தொழிற்சாலையைப் பற்றி எங்கிருந்து ஆரம்பிப்பாள்? அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"நீ முழுசாப் படிச்ச இல்ல? அதுல இன்னா இருக்குதுன்னு உனக்குத் தெரியுமில்ல? நீயே சொல்லு அப்பாகிட்ட. நான் ஒண்ணும் சொல்லல. நீ சொல்லு."

அண்ணன் மாட்டின் கொம்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். "எனக்கு இன்னாத் தெரியும்? உனக்கு வந்த லெட்டரு" என்றான்.

அம்மா அக்காவை முதுகில் இரண்டு போட்டாள். அழுதவளும் அம்மாதான். அக்கா அழவில்லை. நண்பர்கள் இருவரும் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனவர்கள் அப்படியே சென்னை பஸ் ஏறிவிட்டார்கள். அப்பா கொம்பின் மிச்சத்துக்கு வர்ணம் அடித்து முடித்துவிட்டு, எழுந்து கையைத் துடைத்தார்.

"இனிமே காலேஜிக்குப் போவ வேணாம்."

"பரீட்சைக்கு இன்னும் மூணு மாசந்தான்பா இருக்குது. எழுதிட்டு நின்னுடறேன்."

"போவ வேணாம்னேன்."

தாளைக் கொளுத்திவிடும்படி அண்ணனிடமே சொன்னார். அண்ணன் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் தெருவெல்லாம் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டில் மட்டும் யாரும் வாசலுக்கு வரவில்லை. அக்கா அறையில் படுத்திருந்தாள். அம்மா சமையலறையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். கூடத்தில் கம்ப்யூட்டர் ஓடும் சத்தம் கேட்டது. நான் போய்ப் பார்த்தேன். அண்ணன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தத் தாளை கீபோர்டுக்குப் பக்கத்தில் விரித்து, பறக்காமலிருக்க மேலே ஒரு தம்ளரை வைத்திருந்தான். ஒரு வரி படிப்பான், கொஞ்சம் நடப்பான். நிற்பான். மறுபடியும் ஒரு வரி. சுடவே இல்லை. மதகுக்கு அருகில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த வெளுத்த மிருகங்கள் ஒவ்வொன்றாக அவனைத் தாண்டிப் போயின. சுரங்கத்தின் மறுபக்கத்து இரும்புக் கதவு திறந்தது.

எனக்கு ஒரே சந்தோஷம். அக்கா சொன்னது நிரூபணமாகிவிட்டது, அண்ணனும் ஒத்துக்கொண்டுவிட்டான், சண்டை முடிந்தது என்று நினைத்தேன். கை தட்டினேன். அண்ணன் திடுக்கிட்டுத் திரும்பினான். என்னை அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. தம்ளரை எடுத்துவிட்டுத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அதன்பிறகு எல்லாம் ஜல்தி ஜல்தியாக நடந்தது. மாசியில் முகையூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். வைகாசியில் விழுப்புரத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். அக்காவுக்குப் பதினெட்டு முடிந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அவள் போய்வந்துகொண்டிருந்த பஸ் நிலையத்துக்கு அந்த மண்டபத்திலிருந்து பத்து நிமிஷம்தான். அக்காவைக் கட்டிய மாமா கெட்டவர் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் அநியாயம். குரலை உயர்த்தாத மனுஷர். ஆனால் நல்லவராக இருப்பது வேறு, கணிதம் இரண்டாம் ஆண்டு என்பது வேறு.

என்னை அப்பா படிக்கவைத்தார். அக்காவுக்கு இல்லையென்று சொன்னதெல்லாம் எனக்குக் கேட்காமலே கிடைத்தது. கம்ப்யூட்டர் படிப்பு, வேலை, எனக்கென்று ஒரு மடிக்கணினி. ஏனென்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. வேலைக்குப் போன முதல் வருஷம் அந்தப் பக்கத்தை இணையத்தில் தேடினேன். எப்போதோ மூடிவிட்டிருந்தார்கள். டி.எம்.வி. எழுதியது ஒரு வரிகூட எங்கும் இல்லை. அதற்குள் உலகம் கட்சி மாறியிருந்தது. அன்றைக்குக் குப்பை என்றவர்களின் இடத்தில் வேறு ஆட்கள் வந்து, காலத்தை முந்திய படைப்பு, கேட்டு ஆட வேண்டிய ஆட்டம் என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் அக்காவின் வாயிலிருந்து நான் கேட்டதுதான். அவர்கள் யாரும் திருடவில்லை. தாமாகவே பத்து வருஷம் தாமதமாகக் கண்டுபிடித்திருந்தார்கள். அக்காவிடம் அதைச் சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.

எனக்கு அதிகம் உறுத்துவது பொங்கல்கூட இல்லை, அதற்குப் பின் வந்த ஆடி. ஆடி மாதத்துக்கென்று புதுப்பெண்ணை அழைத்துவந்தார்கள். அக்கா புது மஞ்சள் கயிறும் பட்டுப்புடவையுமாக வந்து இறங்கினாள். முகம் கொஞ்சம் கறுத்திருந்தது. அம்மா ஆரத்தி எடுத்து முடிக்கும்வரை நான் ஒற்றைக்காலில் நின்றேன். ஏனென்றால் அக்கா போன பிறகு அண்ணனுக்குத் தெரியாமல் நான் அந்தக் கூடுதல் பாகத்தை ஆட ஆரம்பித்திருந்தேன். மூன்றாம் கட்டம்வரை வந்து, சுரங்கத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு மாதமாக அவள் வரவுக்காகக் காத்திருந்தேன்.

அவள் காபி குடித்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். உறையை எடுத்தேன். திரையில் சுரங்கம் வந்தது. நாற்காலியைத் தட்டிக் காட்டினேன்.

"உக்காருக்கா. அந்த மதகுக்கிட்ட வலது பக்கம் நிக்கணுமா, எடது பக்கம் நிக்கணுமா? நான் எங்க நின்னாலும் புடிச்சிடுது."

அக்கா உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி நின்றாள். ஹெட்போனை அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

"எனக்கு மறந்துபோச்சு பாப்பா" என்றாள்.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"ஆறு மாசத்துலயா?"

"ம்."

எனக்குக் கோபமும் அழுகையுமாக வந்தது. இவ்வளவு நாள் காத்திருந்ததற்கு இதுதானா என்றிருந்தது. "நானா இருந்தா மறக்கவே மாட்டேன்" என்று கத்தினேன். "மறக்காத" என்று சொல்லிவிட்டு அம்மாவுக்கு ஒத்தாசை செய்ய உள்ளே போய்விட்டாள்.

நான் அதை அப்படியே நம்பினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம்கூட, அக்காவுக்கு ஆட்டமெல்லாம் மறந்துபோய்விட்டது என்று புகார் சொன்னேன். கல்யாணமானால் எல்லாருக்கும் ஞாபக சக்தி குறைந்துவிடும் போலிருக்கிறது என்று எனக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். அதனால் அந்தக் கட்டத்தை முடிக்கும்வரை நான் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்று, பன்னிரண்டு வயதில், மிகவும் உறுதியாகத் தீர்மானித்தேன்.